நான்கு ‘க’: ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் 69 வயதில் புதிய மொழி கற்ற நிகழ்வு

நினைவாற்றல் குறைவதாகச் சொல்லி அழைத்துவரப்படும் முதியவர்களைச் சோதிக்கும் உளவியலாளர் என்ற முறையில் இந்த நிகழ்வைப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவரும் அவர் குடும்பத்தாரும் ஒப்புதல் தந்துள்ளனர். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலுள்ள சிற்றூர் ஒன்றில் மனைவியுடன் வசிப்பவர் அவர். பழைய எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, 33 ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து, 2012-இல் தம் 58-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். பணியில் இருந்த காலத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு கட்டணம் என்பது முழுவதும் அவர் மனத்தில் இருந்தது. நெரிசலில் நின்றபடி ஐந்தாறு பேரின் மீதிச் சில்லறையை நினைவில் வைத்திருந்து, இறங்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார் என்று அவர் மனைவி பெருமையோடு சொன்னார்.

ஓய்வுக்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள் கோயில் திருவிழாக் கணக்கு, டீக்கடை நண்பர்கள், பேருந்து நிலையத்தில் பழைய சகாக்கள் என்று நாள்கள் நிறைந்தே இருந்தன. 2020-இல் ஊரடங்கு வந்தபோது, இரண்டு தெரு தள்ளி வசிக்கும் மகள், அப்பா வெளியே போகக் கூடாது என்பதற்காக வங்கி, மின்கட்டணம், ரேஷன், மருந்து ஆகிய எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். ஊரடங்கு முடிந்த பிறகும் அந்த வேலைகள் அவரிடம் திரும்பி வரவில்லை. “இவ்வளவு நாள் உழைச்சது போதாதாப்பா, பேசாம உட்காருங்க” என்று மகள் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

2023-இன் தொடக்கத்திலிருந்து வீட்டார் சில மாற்றங்களைக் கவனித்தனர். சொன்னதையே திரும்பக் கேட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். ஒரு திருமண வீட்டில் உறவினர் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொன்னார். அந்த ஆண்டு மே மாதம், தாம் பல்லாண்டுகள் ஓடிய அதே வழித்தடத்தில் பயணம் செய்தவர், தவறான நிறுத்தத்தில் இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் மகள் வந்து அழைத்துப் போகும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகன் அதைக் கேட்டதும் பயந்துபோய்ச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்.

முதல் சந்திப்பில் கண்டவை

ஜூன் மாதம் மனைவி, மகள் இருவரோடும் வந்தார். நான் அவரிடம் கேட்ட முதல் பன்னிரண்டு கேள்விகளில் ஒன்பதுக்கு அவர்களே பதில் சொன்னார்கள். கேள்வி வந்ததும் அவர் என்னைப் பார்க்காமல் மனைவியின் வாயைப் பார்த்தார். அப்போது அதைக் கூச்சம் என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

நினைவு, கவனம் போன்றவற்றைச் சுருக்கமாக அளக்கும் மான்ட்ரியல் அறிதிறன் மதிப்பீட்டின்படி 30-க்கு 21 பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் படிக்காதவர்களுக்குச் சேர்க்க வேண்டிய ஒரு மதிப்பெண்ணும் இதில் அடங்கும். பொதுவாக 26-ம் அதற்கு மேலும் இயல்பு எனக் கொள்ளப்படுவதால், 21 என்பது கவலைக்குரிய எண்தான். ஆனால் மொத்த எண்ணைவிட மதிப்பெண்கள் எங்கே போயின என்பது முக்கியமாகப் பட்டது. கடிகாரம் வரைந்ததில் குறையில்லை. கனசதுரமும் சரியாக வந்தது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது, 93, 86, 79, 72, 65 என்று சில்லறை எண்ணிப் போடுவது போலத் தடையின்றிச் சொன்னார். நான் வாசித்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வதிலும், எழுத்துகளை வாசிக்கும்போது குறிப்பிட்ட எழுத்துக்கு மட்டும் மேசையைத் தட்டுவதிலும், காதால் கேட்ட ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதிலும்தான் பெரும்பகுதியை இழந்திருந்தார். இழந்தவை பெரும்பாலும் காது வழியே போனவை.

சோதனை முடிந்தபின், அதில் சேராத ஒன்றைச் செய்து பார்த்தேன். வேறு ஐந்து சொற்களை அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டிப் படிக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து நான்கைச் சரியாகச் சொன்னார்.

காரணங்களைத் தேடியது

“டிமென்ஷியாதானே மேடம், மாத்திரை ஆரம்பிச்சிடலாமா?” என்று மகன், மறதி நோயை மனத்தில் வைத்துத் தொலைபேசியில் கேட்டார். நரம்பியல் மருத்துவரும் நானும் பொறுத்திருக்க முடிவு செய்தோம். மறதியை உண்டாக்கக்கூடிய, ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் விலக்கியாக வேண்டும்; அவற்றை விலக்காமல் ஒருவருக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டால், பிறகு வீட்டில் யாரும் அவரை எதையும் செய்ய விடமாட்டார்கள் என்ற கவலையும் எனக்கு இருந்தது.

மூளை ஸ்கேனில் வயதுக்கு மீறிய மாற்றம் இல்லை. தைராய்டு சரியாக இருந்தது. ரத்தத்தில் பி12 உயிர்ச்சத்து குறைந்திருந்ததால் அதற்கு ஊசி தொடங்கப்பட்டது. மருந்துகளைப் பட்டியலிடச் சொன்னபோது வராத ஒன்று, வீட்டிலிருந்து மருந்துப் பெட்டியையே கொண்டுவரச் சொன்னபோது வெளிப்பட்டது. தும்மலுக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின் மாத்திரையை, தூக்கமும் வருகிறதே என்று, மூன்று ஆண்டுகளாக இரவுதோறும் போட்டுவந்திருக்கிறார். சளி மாத்திரைதானே என்று அதை அவர்கள் மருந்தாகவே கருதவில்லை. நினைவுக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அம்மருந்து மூளையில் தடுக்கிறது. முதியவர்களிடம் குழப்பத்தையும் மறதியையும் உண்டாக்கக்கூடியது. மருத்துவர் அதை நிறுத்தி வேறு மருந்து தந்தார்.

செவித்திறன் சோதனைதான் பெரிய விடையைத் தந்தது. இரு காதுகளிலும் நடுத்தர அளவிலான குறைவு; 2000 ஹெர்ட்ஸுக்கு மேலான கூர்மையான ஒலிகளில் இன்னும் அதிகம். வயதோடு, இன்ஜின் இரைச்சலிலும் விசில் ஒலியிலும் கழிந்த ஆண்டுகளும் காரணமாக இருக்கலாம் என்றார் செவித்திறன் நிபுணர். இவ்வகைக் குறைவில் பேச்சொலி கேட்கும். ச, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை மட்டும் போய்விடும். கேட்பவர் விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், கேட்டதை நினைவில் பதிக்க மூளைக்கு மிச்சம் அதிகம் இருப்பதில்லை. திருமண வீட்டில் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னதும், மனைவியின் வாயைப் பார்த்ததும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

டிமென்ஷியாவுக்குக் காரணமாகக்கூடிய, மாற்றத்தக்க 14 கூறுகளை லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவும் அவற்றுள் ஒன்று. ஆனால் செவிக்கருவியை மறதிக்கு மருந்தாக எண்ணிவிட வேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொன்னேன். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, 2023-இல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அறிதிறன் சரிவில் வேறுபாடு இல்லை. சரிவுக்கான ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டுமே கருவியால் சரிவு கணிசமாக மெதுவானது.

நான் எடுத்த தவறான முடிவு

மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. என்ன வேலை என்பதில்தான் நான் பிழை செய்தேன். எண்களில் அவருக்கு இருந்த திறமையைப் பார்த்து, எண் புதிர்களையும் கைப்பேசியில் ஒரு மூளைப் பயிற்சி விளையாட்டையும் தினம் ஒரு மணி நேரம் செய்யச் சொன்னேன்.

ஆறு வாரத்தில் அந்த விளையாட்டில் வெகு உயரமான நிலைக்குப் போய்விட்டார். பேரனின் மதிப்பெண்ணைக் காட்டுவது போல மகள் எனக்குத் திரையைக் காட்டினார். ஆனால் மனைவி எழுதிவந்த நாள்குறிப்பில் எதுவும் மாறவில்லை. திரும்பக் கேட்பது அப்படியே இருந்தது. புதிரோடு அறைக்குள் உட்கார்ந்துகொண்டதால் பேச்சு இன்னும் குறைந்திருந்தது.

இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2832 பேருக்கு நினைவு, தருக்கம், விரைவு என மூன்று வகைப் பயிற்சிகள் அளித்த ஆக்டிவ் ஆய்வில், எந்தத் திறனில் பயிற்சி பெற்றார்களோ அந்தத் திறன்தான் வளர்ந்தது. ஒன்றின் பலன் மற்றொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கு ஏற்கெனவே நன்றாக வரும் ஒன்றை நான் இன்னும் கொஞ்சம் செய்யச் சொல்லியிருந்தேன். லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றி எலினார் மெக்வையர் குழுவினர் செய்த ஆய்வுகளும் இங்கே பொருந்துகின்றன. நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனத்தில் ஏற்றிய அவர்களுக்கு, மூளையில் இடவறிவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்ததை 2000-இல் கண்டார்கள். 2006-இல் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார்கள். அதே நகரில் அதே அளவு காலம் வண்டி ஓட்டியும், ஒரே தடத்தில் போய்வந்தவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. 33 ஆண்டுகள் ஒரு வழித்தடத்தை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு இன்னொரு வழித்தடத்தைக் கொடுத்திருந்தால் அதில் பொருள் இருந்திருக்கும்.

தெலுங்கு வந்த வழி

ஆகஸ்ட் மாதம் அவரோடு தனியாகப் பேசினேன். மனைவியையும் மகளையும் வெளியே இருக்கச் சொன்னதில் அவர்களுக்குச் சற்று வருத்தம். என்ன செய்யப் பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முதியவர்கள் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றே சொல்வார்கள். எப்போது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பேத்தி போன்ல பேசுது மேடம். அது பாதி தெலுங்குலதான் பேசும். நான் தலையை ஆட்டிட்டு அவங்க ஆத்தாகிட்ட குடுத்துருவேன்.”

மருமகள் தெலுங்குக்காரர். பேத்திக்கு ஆறு வயது. காது கேட்காததா, மொழி புரியாததா, எது தடை என்று கேட்டதற்கு, “ரெண்டும்தான், எது எதுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல” என்றார்.

தெலுங்கு கற்கலாம் என்று முடிவானது இப்படித்தான். அது அவருக்கு முற்றிலும் புதியது. மறுமுனையில் ஒரு குழந்தை காத்திருக்கிறது. செவிக்கருவியை அணியாமல் அதைக் கற்கவே முடியாது என்பது எங்களுக்குக் கிடைத்த கூடுதல் வசதி. டெனீஸ் பார்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட சினாப்ஸ் ஆய்வும் மனத்தில் இருந்தது. 60 முதல் 90 வயதுவரையிலானவர்கள் மூன்று மாத காலம் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் டிஜிட்டல் புகைப்படக்கலை போன்ற கடினமான புதிய திறனைக் கற்றபோது அவர்களுடைய நினைவாற்றல் மேம்பட்டது. கூடிப் பேசிப் பொழுது போக்கியவர்களுக்கும், வீட்டில் சொல் விளையாட்டு போன்ற எளியவற்றைச் செய்தவர்களுக்கும் அந்த மேம்பாடு வரவில்லை.

மகன் இணையத்தில் இன்னொரு ஆய்வைக் கண்டுபிடித்து அனுப்பினார். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டிமென்ஷியா நோயாளிகள் 648 பேரைப் பார்த்து, சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-இல் வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் பிந்தித் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு காணப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பல மொழிகளோடு வாழ்ந்தவர்களைப் பற்றிய முடிவு அது என்றும், 69 வயதில் தொடங்குபவருக்கு அதையே வாக்குறுதியாகத் தர முடியாது என்றும் அவருக்கு எழுதினேன். நம்பிக்கையைக் குறைப்பதற்காக அதைச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் ஏமாந்துபோய் நிறுத்திவிடக் கூடாதே என்பதற்காகச் சொன்னேன்.

தஞ்சாவூர்ப் பகுதியில் தெலுங்கு கற்பிக்க ஆள் தேடுவது கடினமாக இல்லை. நாயக்கர் காலத்திலிருந்தே இங்கே தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் கீர்த்தனைகளில் மிகப் பெரும்பாலானவை தெலுங்கில் உள்ளவை. ஆராதனைக்குச் செல்லும் கூட்டத்தைப் பல ஆண்டுகள் வண்டியில் ஏற்றி இறக்கியவர் இவர்; அந்தப் பாட்டுகளின் மொழி அதுதான் என்று இப்போதுதான் எண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார். அவர் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் மூன்று நாள் சொல்லித்தர இசைந்தார். நடந்தே போய்வர வேண்டும் என்பது என் நிபந்தனை. முதியவர்கள் 120 பேரைக் கொண்டு எரிக்சன் குழுவினர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது.

வீட்டாரோடும் ஓர் ஒப்பந்தம் செய்தோம். மின்கட்டணம், ரேஷன் கடை, அவருடைய மருந்துப் பெட்டி ஆகிய மூன்றும் அவர் பொறுப்புக்குத் திரும்ப வேண்டும். தவறு நடந்தால் அதை எழுதிவைக்கலாமே தவிர, வேலையைத் திரும்பப் பிடுங்கக் கூடாது. மருந்துப் பெட்டியை மட்டும் முதல் மூன்று மாதம் மனைவி இரவில் சரிபார்ப்பதென்று வைத்துக்கொண்டோம். “தப்பாப் போச்சுன்னா?” என்று அவர் பலமுறை கேட்டார். நியாயமான அச்சம்தான்.

கற்ற விதம்

செப்டம்பரில் பாடம் தொடங்கியது. நான் இரண்டு முறை போய் உட்கார்ந்து பார்த்தேன்.

தமிழில் ஒரே ‘க’ இருக்கும் இடத்தில் தெலுங்கில் நான்கு எழுத்துகள் உள்ளன. முதல் நாள் ஆசிரியை நான்கையும் சொன்னபோது, நான்கும் ஒன்றாகவே கேட்கின்றன என்று இவர் கையை விரித்துவிட்டார். ஆசிரியை ஒரு மெல்லிய தாளை எடுத்துத் தம் வாய்க்கு முன்னே தொங்கவிட்டுக்கொண்டு மீண்டும் சொன்னார். முதல் ‘க’வுக்குத் தாள் அசையவில்லை, மூச்சோடு வரும் இரண்டாவதற்குப் படபடத்தது. பிறகு தாளை இவரிடம் கொடுத்தார். காதுக்கு எட்டாத வேறுபாட்டைக் கண்ணால் பார்த்து, வாயால் செய்து, பல நாள் கழித்தே காதால் பிடித்தார். ஒரு மணி நேரம் அந்தத் தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அவர் முகத்தில் இருந்த முனைப்பு, புதிரோடு உட்கார்ந்திருந்தபோது நான் பார்க்காதது.

எழுத்துகளை நினைவில் வைக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். டிக்கெட் அளவில் தாள்களை வெட்டி, ஒன்றுக்கு ஓர் எழுத்தாக எழுதி, வரிசை வாரியாகக் கட்டுகளாக்கி, ரப்பர் பேண்டு போட்டு, டிக்கெட் கட்டுகளைப் போலவே இடது கை விரல்களுக்கிடையே செருகிக்கொள்வார். நடக்கும்போது கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார். பழைய தோல் பை பாடநூல் பையாக மாறியது.

தடைகள்

செவிக்கருவி முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் மேசை இழுப்பறையில் கிடந்தது. “காதுக்குள்ள மறுபடி பஸ் ஓடுது” என்றார். என்னைப் பார்க்க வரும் நாளில் மட்டும் அணிந்துவந்ததை மனைவிதான் சொன்னார். செவித்திறன் நிபுணர் கருவியை மூன்று முறை மறுசீரமைத்தார். பாடவேளையில் மட்டும் என்று தொடங்கி, வாரந்தோறும் ஒரு மணி நேரம் கூட்டினோம்.

மின்கட்டணம் ஒரு முறை கெடு தாண்டி இணைப்பு துண்டிக்கப்பட்டது. மகள் கோபத்தோடு எனக்குப் போன் செய்தார். ஆனால் தந்தை தாமே அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டி, மாலைக்குள் மின்சாரத்தை வரவழைத்தார். அதன்பின் நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைக்கிறார்.

2024 பிப்ரவரியில் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது பாடம் ஐந்து வாரம் நின்றது. திரும்பிப் போனபோது கூட்டெழுத்துகள் பாதி மறந்திருந்தன. “வயசாயிருச்சு, இனி ஏறாது” என்று நிறுத்தப்போனார். ஆசிரியை நூலை மூடிவைத்துவிட்டு, ஹைதராபாத் பேருந்துப் பலகைகளைப் படமெடுத்து அனுப்புமாறு மகனுக்குச் சொன்னார். கோட்டி, மெஹதிப்பட்டணம், அஃப்ஸல்கஞ்ச், சிக்கந்தராபாத் என்று ஊர்ப்பெயர்களாக எழுத்துகள் திரும்பி வந்தபோது, அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வந்தது: எதிலிருந்து எதற்கு எத்தனை ஸ்டேஜ்?

ஓராண்டுக்குப் பின்

ஆறாம் மாத மறுசோதனையில் 24. பன்னிரண்டாம் மாதத்தில் 26. இந்த உயர்வை ஒரே காரணத்தின் கணக்கில் எழுத முடியாது. மாத்திரை நின்றது, பி12 ஏறியது, காது கேட்டது, நடை கூடியது, பொறுப்பு திரும்பியது, மொழி வந்தது. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தன. அதே சோதனையை மீண்டும் செய்யும்போது பழக்கத்தால் ஓரிரு மதிப்பெண் கூடுவதும் உண்டு. நாள்குறிப்பில் திரும்பக் கேட்பது வெகுவாகக் குறைந்திருந்தது. பெயர்களை மறப்பது தொடர்கிறது.

2024 ஆகஸ்டில் மகன் வீட்டுக்கு ஆறு வாரம் போனார். ஒருநாள் பேத்திக்குப் படக்கதை வாங்கக் கோட்டிக்குத் தனியாகப் போய்விட்டு, மெஹதிப்பட்டணம் திரும்ப வேண்டியவர் பேச்சுக்கிடையில் சிக்கந்தராபாத் வண்டியில் ஏறிவிட்டார். கடைப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தவருக்கு, வந்த வழியில் பார்த்த பெயர் எதுவும் தென்படவில்லை என்பதால் சந்தேகம் வந்தது. நடத்துநரிடம் தெலுங்கில் கேட்டு, இறங்கி, சாலையைக் கடந்து, சரியான வண்டி பிடித்து, ஒன்றரை மணி நேரம் தாமதமாக வீடு சேர்ந்தார். வீட்டில் எல்லோரும் பதறிப்போயிருந்தார்கள். என்னிடம் இதை விவரித்தபோது, அந்த நடத்துநர் மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு தருகிறார், தம் காலத்தில் தாம் அப்படிச் செய்ததில்லை என்பதைத்தான் அவர் அதிக நேரம் பேசினார்.

மீண்டும் செய்வதானால்

செவித்திறன் சோதனையை அறிதிறன் சோதனைக்கு முன்னால் வைப்பேன். இப்போது என்னிடம் வரும் எல்லோருக்கும் அப்படியே செய்கிறேன். மருந்துப் பட்டியலைக் கேட்காமல், பெட்டியையே முதல் சந்திப்புக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். புதிர்களில் கழிந்த ஆறு வாரத்தை மிச்சப்படுத்தியிருப்பேன். வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு அவரோடு பேசிய உரையாடலை மூன்றாம் மாதம்வரை தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

மனைவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 64 வயதான அவர் இந்த ஓராண்டும் நாள்குறிப்பு எழுதினார், மருந்தைச் சரிபார்த்தார், தம் அச்சத்தை அடக்கிக்கொண்டு கணவரை வெளியே அனுப்பினார். அவருடைய மறதி, உறக்கம், காது எதைப் பற்றியும் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடந்த மாதம் அவர்கள் வந்தபோது, இவர் சற்றுத் தள்ளி நின்று பேசியதை மனைவி இரண்டு முறை “என்ன?” என்று கேட்டார். அடுத்த வாரம் அவருக்குச் செவித்திறன் சோதனைக்கு நாள் குறித்திருக்கிறோம். அழைத்து வருவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார்.